ஊர்வன, இருவாழ்வி: இரு கலைச்சொற்களும் உயிரியல் எல்லையும்

தவளை முதலியவற்றை இருவாழ்வி என்றும், பாம்பு, பல்லி, ஆமை, முதலை ஆகியவற்றை ஊர்வன என்றும் தமிழ்ப் பாடநூல்கள் வழங்குகின்றன. முன்னது கிரேக்கச் சொல்லின் நேர் பெயர்ப்பு. பின்னது, ஊர்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியாகப் பிறந்த சொல்லுக்கு நிகராகக் கொண்ட பழந்தமிழ்ச் சொல். தாராவியின் தமிழ்வழி மாணவன் மராத்தியில் 'சரபட்ணாரே', 'உபயசர்' எனக் கேட்பனவும் இப்பொருளினவே. மொழி மாறினும் மயக்கம் மாறுவதில்லை.

பம்பாயின் பெயர் தாங்கிய இரண்டு மேற்குத்தொடர்ச்சி மலை உயிர்களைக் காண்போம். 1960இல் எட்வர்ட் டெய்லர் விவரித்த இக்தியோஃபிஸ் பாம்பேயென்சிஸ் காலற்றது. மண்ணுள் ஊர்ந்து வாழ்வது. தோல்மடிப்புகளில் நுண்செதில்களும் உடையது. ஆயினும் அது இருவாழ்வி. ராவொர்கெஸ்டஸ் பாம்பேயென்சிஸ் என்னும் சிறு தவளைக்கோ நீந்தித் திரியும் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையினின்று தவளைக்குஞ்சாகவே வெளிப்படும். இருவாழ்வு இல்லாத இருவாழ்வி! மும்பைப் பவாய் ஏரியின் முதலையோ நீரிலும் நிலத்திலும் வாழ்ந்தும் ஊர்வனவற்றுள் ஒன்று. 'நீர்நில வாழ்வன' என்னும் பழைய பெயர்ப்பு இதனால் இன்னும் பொருந்தாததாகிறது.

எனின், எல்லை யாது? கருவைச் சூழும் சவ்வே. ஊர்வனவற்றின் கரு பனிக்குடத்துள், தனக்குரிய நீர்மத்தில் வளர்கிறது. ஆகவே முட்டையை நிலத்தில் இடலாம். கண்ணாடி விரியன் முட்டையிடாது குட்டி ஈனும். அதன் கருவுக்கும் பனிக்குடம் உண்டு. இருவாழ்வியின் முட்டைக்கு அது இல்லை. ஈரம் வற்றின் கரு மடியும். தோலும் இதனோடு ஒத்து நிற்கிறது: இருவாழ்வியின் ஈரத்தோல் மூச்சுக்கும் உதவுவது; ஊர்வனவற்றின் செதில்தோல் நீரிழப்பைத் தடுப்பது. 'பனிக்குடம்' மகப்பேற்றை ஒட்டி நம் வீடுகளில் வழங்கும் சொல்லாதலின், புதுச்சொல் தேடவேண்டுவதில்லை. வழங்கிவரும் பெயர்களை மாற்றவும் வேண்டா. வரையறையில் மட்டும் ஊர்தலையும் உறைவிடத்தையும் விடுத்துப் பனிக்குடத்தை முன்வைத்தல் தகும்.

இலக்கண இடர் ஒன்றும் உண்டு. 'ஊர்வன' பலவின்பால்; 'ஓர் ஊர்வன' என எழுதுதல் வழு. 'இருவாழ்வி' ஒருமையையும் 'கள்' ஈற்றையும் ஏற்கும். 'ஊர்வன வகுப்பு விலங்கு' என விரித்தெழுதுவதே இப்போதைக்குத் தக்கது.

பழைய நூல்களைப் பெயர்ப்போர் ஆண்டையும் நோக்குதல் வேண்டும். 1758இல் லின்னேயஸ் 'ஆம்பிபியா' என்ற ஒரே வகுப்பில் தவளையையும் பாம்பையும், குருத்தெலும்பு மீன்களையுங்கூட அடக்கினார். அந்நூலில் வரும் அச்சொல்லை 'இருவாழ்வி' எனப் பெயர்த்தால் பாம்பும் இருவாழ்வியாகிவிடும். அவ்விடத்து 'ஆம்பிபியா' என ஒலிபெயர்த்து அடிக்குறிப்பு இடுதலே பொருந்தும்.