கடல் குளிர்ந்ததாகச் சொன்ன கருவிகள்

2006-ஆம் ஆண்டு ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரை கடலியலாளர்களைக் குழப்பத்தில் ஆழ்த்தியது. எழுதியவர்கள் ஜான் லைமன், ஜோஷ் வில்லிஸ், கிரிகரி ஜான்சன் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள். 2003-க்கும் 2005-க்கும் இடையே உலகக் கடல்களின் மேல்பகுதி வெப்பத்தை இழந்திருக்கிறது என்றது அது. புவி சூடாவதை நம்பாதவர்களுக்கு வெறும் வாயை மென்றுகொண்டிருந்தபோது அவல் கிடைத்த கதையாயிற்று. ஆனால் கணக்கு உதைத்தது. குளிர்ந்த நீர் சுருங்கி மட்டம் தாழ வேண்டும், ஆனால் செயற்கைக்கோள்களின் அளவுப்படி கடல்மட்டம் உயர்ந்துகொண்டே இருந்தது. மறுவருடமே அந்த மூவரும் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு திருத்தம் வெளியிட்டார்கள். கடல் குளிரவில்லை, கருவிகள்தான் பிசகியிருந்தன.

பிசகு இரண்டு இடத்தில். கடலுக்குள் மூழ்கி எழும் ஆர்கோ மிதவைகளில் ஒரு தொகுதி, பெரும்பாலும் அட்லாண்டிக்கில் விடப்பட்டவை, மென்பொருள் கோளாறால் வெப்ப அளவுகளைத் தவறான ஆழத்தோடு சேர்த்துப் பதிந்தன. அதனால் கடல் குளிர்ந்ததுபோலத் தெரிந்தது. மற்றது பழைய கருவியான எக்ஸ்.பி.டி. அது உண்மையைவிடச் சற்று அதிக வெப்பம் காட்டிவந்தது. அதன் இடத்தை மிதவைகள் பிடிக்கப் பிடிக்க, சராசரி தானாகவே இறங்கியது.

எக்ஸ்.பி.டி.யின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மெல்லிய கம்பியோடு கப்பலிலிருந்து கடலில் போடும் சிறு கருவி அது. விழுந்துகொண்டே வெப்பத்தைச் சொல்லும், கம்பி தீர்ந்ததும் அறுந்து போகும். விலை குறைவு என்பதால் சரக்குக் கப்பல்களும் பல ஆண்டுகளாகப் போட்டுவந்தன. அதில் ஆழம் அளக்கும் உறுப்பே கிடையாது. தண்ணீரைத் தொட்டு எத்தனை விநாடி ஆயிற்று என்பதை ஒரு சூத்திரத்தில் போட்டுத்தான் ஆழத்தைக் கணக்கிடுவார்கள். அந்தச் சூத்திரம் சொல்வதைவிடக் கருவி வேகமாக விழுகிறது, ஆழத்தை 1.0336 ஆல் பெருக்க வேண்டும் என்று 1995-ல் ஹனாவா தலைமையிலான குழு கண்டுபிடித்தது. 700 மீட்டர் ஆழத்தில் இது இருபது மீட்டருக்கும் மேற்பட்ட வித்தியாசம். அதன்பின் சிலர் புதிய சூத்திரத்துக்கு மாறினார்கள், சிலர் மாறவில்லை. எதைப் பயன்படுத்தினோம் என்று பலர் குறித்து வைக்கவும் இல்லை. ஏற்கெனவே திருத்திய கோப்பைத் தெரியாமல் இன்னொரு முறை திருத்திவிடும் அபாயம் வந்து சேர்ந்தது. கோப்பின் தலைப்பில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும் தலைவலி இது.

இதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது ஆர்கோவின் அழுத்தமானிச் சிக்கல். மிதவை மேலே வந்ததும் அழுத்தம் சுழியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மானி நகர்ந்துவிட்டது என்று அர்த்தம், அந்த அளவுக்குக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சில பழைய மிதவைகளின் கட்டுப்பாட்டுப் பலகை, எண் சுழிக்குக் கீழே போனால் அதைச் சுழியாக்கியே அனுப்பியது. கடலுக்கு மேலே எதிர்ம அழுத்தம் ஏது என்ற நியாயம் போலும். 2009-ல் ஒரு வகை அழுத்தமானியில் நுண்கசிவு இருப்பது தெரியவந்தது. அந்தக் கசிவால் எண் கீழ்நோக்கித்தான் நகரும். மற்ற மிதவைகளைத் திருத்த முடிந்தது. எண்ணைச் சுத்தமாக்கி அனுப்பியவற்றில் எவ்வளவு நகர்ந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஆகவே ஆர்கோவின் விதிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, மூல எண்ணைத் தொடாதே என்பதுதான். இன்று உலகக் கடல்களில் சுமார் 4,000 மிதவைகள் இருக்கின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்துகொண்டே மேலே வந்து செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும். ஒரு நாளுக்குள் கணினி சோதித்துவிடும். மிதவை நிலத்தில் நிற்கிறதா, வெப்பம் ஓரிடத்தில் மட்டும் திடீரென்று துள்ளுகிறதா, கனமான நீர் இலேசான நீரின்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து ஒவ்வொரு எண்ணுக்கும் அடையாளம் போடும்: 1 என்றால் நல்லது, 4 என்றால் கெட்டது. பிறகு நிபுணர் நிதானமாக ஆராய்ந்து திருத்திய எண்ணைப் பக்கத்தில் தனியாக எழுதுவார், பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதோடு. பழைய எண் அப்படியே நிற்கும். எல்லாமே பிரான்சின் பிரெஸ்ட், அமெரிக்காவின் மான்டரே மையங்களில் இலவசம்.

இந்தியாவின் ஆர்கோ தரவை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் பார்த்துக்கொள்கிறது. நங்கூரமிட்ட மிதவைகளை வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நிறுத்தியிருப்பது சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். இவற்றின் பாடு வேறு. வெதுவெதுப்பான நீரில் கொட்டலசும் பாசியும் உணர்கருவியைச் சீக்கிரமே மூடிவிடும். மிதவையடியில் மீன் கூடும், மீன் கூடினால் படகு கூடும், கயிறு கட்டுவதில் கருவி சேதமாகும். குளிர்கடலை மனதில் வைத்து எழுதிய பராமரிப்புக் கையேடு இங்கே அப்படியே எடுபடாது. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் இத்தகைய கையேடுகளை ஒரே களஞ்சியத்தில் சேர்த்துவருகிறது. நம் பக்கத்து அனுபவமும், கைகூடாமல் போனது உட்பட, அதில் ஏற வேண்டும்.

புதிய மிதவைகள் பச்சையத்தையும் அளக்கின்றன. பரவலாகப் பயன்படும் உணர்கருவி சராசரியாக இரு மடங்கு காட்டுகிறது என்று 2017-ல் ஓர் ஆய்வு சொன்னது. சரி, இரண்டால் வகுப்போம் என்று ஆர்கோ குழு உடன்பட்டது. தென்பெருங்கடலில் பிசகு இரு மடங்குக்கும் மிக அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஆளுக்கொரு எண்ணால் வகுப்பதைவிட எல்லோரும் ஒரே எண்ணால் வகுப்பது மேல் என்று முடிவெடுத்தார்கள். மூல எண் கோப்பில் இருக்கிறது. இடத்துக்கு இடம் சரியான வகுஎண் உறுதியானதும் மறுபடி கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.