கேம் பழக்கம்: கடைசியாகத்தான் டாக்டரா?

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறந்ததும் எங்களைப் போன்ற மனநல மருத்துவர்களிடம் ஒரு கூட்டம் வரும். பெரும்பாலும் எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற பையன்கள். இப்போது பெண் பிள்ளைகளும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். "ராத்திரி பூரா போன்ல கேம் ஆடுறான் டாக்டர், பிடுங்கினா அடிக்க வர்றான்" என்பார் அம்மா. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எப்போதிலிருந்து என்று கேட்டால் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்பார்கள். இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டுவிட்டால் போதும், பட்டியல் நீளும். பெல்ட்டால் அடித்தது, போனை உடைத்தது, மந்திரித்துக் கயிறு கட்டியது, ஹாஸ்டலில் சேர்த்தது, ஞாபகசக்தி டானிக் வாங்கிக் கொடுத்தது. எல்லாம் தோற்ற பிறகுதான் மனநல மருத்துவர் நினைவுக்கு வருகிறார். அப்போதும் வண்டியைப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டுத்தான் வருகிறார்கள், யாராவது பார்த்துவிடுவார்களாம்.

வலியை மறக்கடிக்கும் விளையாட்டு

கேம் என்றாலே விஷம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஹார்பர்வியூ மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் 'ஸ்நோ வேர்ல்டு' என்ற கேமை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தீக்காயத்தின் கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்யும் நேரத்து வலியை மார்ஃபின்கூட முழுதாக அடக்காது. அந்த நேரத்தில் நோயாளியின் தலையில் மெய்நிகர் கருவியை மாட்டிவிட்டார்கள். அவர் ஒரு பனிப் பள்ளத்தாக்கில் மிதந்துகொண்டு பென்குயின்கள் மீதும் பனி மனிதர்கள் மீதும் பனிப்பந்து வீசுவார். கவனம் அங்கே போய்விட்டதால் வலி வெகுவாகக் குறைந்தது என்றார்கள் நோயாளிகள்.

கேமின் பலம் இதுதான். பலவீனமும் இதேதான். வெந்த சதையின் வலியையே மறக்கடிக்கிற ஒன்று, பதினாலு வயதுப் பையனுக்குப் பசியையும் சிறுநீரையும் நாளைய கணக்குப் பரீட்சையையும் மறக்கடிப்பதில் என்ன ஆச்சரியம்? அதனால் என் முதல் கேள்வி எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பதாக இருக்காது. எந்த வலியை மறக்க ஆடுகிறான் என்றுதான் கேட்பேன். எழுத்துக்களைச் சேர்த்துப் படிக்க முடியாத கற்றல் குறைபாடு, வகுப்பில் கேலி, வீட்டில் அப்பாவின் குடி, சொல்லத் தெரியாத மனச்சோர்வு. தோண்டிப் பார்த்தால் இவற்றில் ஏதாவது ஒன்று அடிக்கடி தட்டுப்படுகிறது. பள்ளியில் 'மக்கு' என்று பெயர் வாங்கியவனை 'ஃப்ரீ ஃபயர்' என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் நாலு பேர் 'ப்ரோ, நீதான் லீடர்' என்கிறார்கள். அவன் எங்கே இருக்க ஆசைப்படுவான்?

நோய் எப்போது?

உலக சுகாதார நிறுவனம் கேம் ஆடுவதால் வரும் கோளாறைத் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் சேர்த்தது. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தை நிறுத்தும் கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக கேம் வந்துவிடுவது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது: இந்த மூன்றும் சேர்ந்து, படிப்பையோ வேலையையோ உறவையோ குலைத்து, வழக்கமாக ஒரு வருடமாவது நீடித்திருக்க வேண்டும். மிகக் கடுமையாக இருந்தால் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. மணிக்கணக்கு அந்த வரையறையில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் ஆடிவிட்டு, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் எழுந்து வருகிற பிள்ளைக்கு நோய் இல்லை. அவனைக் கூட்டிவந்து என் முன்னால் அவமானப்படுத்துகிற பெற்றோரும் உண்டு.

ஊரெல்லாம் நம்புகிற பொய்கள்

"சுட்டுச் சாகடிக்கிற கேம் ஆடுறான், நாளைக்குக் கத்தி எடுப்பான்." இந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஆதாரம் துணைக்கு வரவில்லை. 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சுமார் ஆயிரம் பிரிட்டிஷ் பதின்வயதினரைப் பார்த்தார்கள். பிள்ளைகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பெற்றோரிடம் கேட்டுப் பதிந்தார்கள். வன்முறை கேமுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. அமெரிக்க உளவியல் சங்கமும் 2020இல், கொலை போன்ற வன்முறைகளுக்கு கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. கத்துவது, பிடித்துத் தள்ளுவது போன்ற சின்னச் சின்ன ஆத்திரங்கள் கூடலாம் என்பதை அதே சங்கம் ஒத்துக்கொள்கிறது. ஆனால் நம் வீடுகளில் அடிதடி நடப்பது பெரும்பாலும் ஆட்டத்தின் நடுவில் போனைப் பிடுங்கும்போதுதான். முந்தைய இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தவன் அவன். தூக்கம் இல்லாத மூளைக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

"கேம் ஆடினா மூளை ஷார்ப் ஆகும்." இது எதிர்ப்பக்கத்துப் பொய், பையன்களுக்கு மனப்பாடம். 2003இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில், பழக்கமில்லாதவர்களைத் தினமும் ஒரு மணி நேரம் வீதம் பத்து நாள் சண்டை கேம் ஆடவைத்தபோது அவர்களுடைய பார்வைக் கவனம் கூடியது உண்மை. 2007இல், வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் கேம் ஆடிய அனுபவமுள்ள அறுவை மருத்துவர்கள் லேப்ராஸ்கோப்பிப் பயிற்சியில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள் என்று வந்ததும் உண்மை. ஆனால் அங்கே வரம்பே வாரத்துக்கு மூன்று மணிதான். நம் பிள்ளைகள் அதை ஒரே ராத்திரியில் தாண்டுகிறார்கள். கண் வேகம் கூடியதால் வேதியியல் புரிந்துவிடாது.

"நீலக் கண்ணாடி போட்டிருக்கான், கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது." 2023இல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடி கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, எரிச்சலுக்குக் காரணம் அதுதான். கேரட்டும் பொன்னாங்கண்ணியும் நல்ல உணவு. ஆனால் ஏறிய பவரை இறக்காது. சீனாவின் குவாங்சோவில் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவீதம். வழக்கம்போல் வகுப்பில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட 40. செலவு இல்லாத மருந்து வாசலிலேயே இருக்கிறது.

"காசு வைச்சு ஆடுறதத்தான் தடை பண்ணிட்டாங்களே." 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது, நல்ல காரியம். ஆனால் கேமில் வரும் துப்பாக்கிக்கு 'ஸ்கின்' என்கிற அலங்காரத் தோற்றம் வாங்க, 'டைமண்ட்' என்கிற கேம் நாணயத்துக்கு டாப்-அப் செய்வது அந்தச் சட்டத்தில் சிக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கும் முறையை பெல்ஜியம் 2018இலேயே சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. இங்கே அப்பாவின் யுபிஐ ரகசிய எண் பையனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

மருந்துக்கடை வைத்தியம்

இதை எழுதும்போதே கோபம் வருகிறது. தூங்க மாட்டேன் என்கிறான் என்று பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதி உடைத்துக் கொடுப்பது. சளி மருந்து குடித்தால் மயங்கிவிடுவான் என்று தினமும் ஊற்றுவது. ஆன்லைனில் மெலடோனின் மிட்டாய் வரவழைப்பது. பையன் பாட்டியின் மாத்திரைக்கே அடிமையாகி, கேமும் மாத்திரையும் சேர்ந்து வந்தால் இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது.

கண் எரிச்சலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து இதைவிட ஆபத்து. அவற்றில் சில ஸ்டீராய்டு கலந்தவை. ஊற்றியதும் சிவப்பு போய்விடும், அதனால் மறுபடி மறுபடி வாங்குவார்கள். மாதக்கணக்கில் ஊற்றினால் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு சத்தமில்லாமல் போகும். போன பார்வை திரும்பாது. விளக்கெண்ணெயும் தேனும் விட்டுக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

"குடிகாரங்களுக்கு சாப்பாட்டுல கலந்து குடுப்பாங்களே, அந்த மாதிரி இவனுக்கும் தெரியாம குடுக்க ஏதாவது இருக்கா?" என்று யாராவது கேட்காத மாதம் இல்லை. அப்படி எதுவும் இல்லை. குடிகாரருக்கும் அப்படிக் கொடுக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து. கேம் பழக்கத்துக்கென்று மாத்திரை கிடையாது. பேச்சு வழியான சிகிச்சை உண்டு, வீட்டார் எல்லோரும் வர வேண்டும். பின்னால் மனச்சோர்வோ கவனக்குறைபாடோ இருந்தால் அதற்கு மருந்து உண்டு. அதைத் தீர்மானிக்க வேண்டியது மருத்துவர், மாமா அல்ல.

பையன்கள் தாங்களே செய்துகொள்ளும் வைத்தியமும் உண்டு: பெட்டிக்கடையில் கிடைக்கும் எனர்ஜி ட்ரிங்க். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கிறது, பொடி எழுத்தில். படபடப்போடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவனிடம் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

பரிசோதனை

இப்படி வருகிற பிள்ளைக்குப் பார்க்க வேண்டியவை: கண் பரிசோதனை, ரத்தசோகை, தைராய்டு, தேவைப்பட்டால் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு. மூளை ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

நடு ஆட்டத்தில் பிடுங்காதீர்கள். ஆன்லைன் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைக்க முடியாது. அவன் போனால் 'ஸ்குவாட்' என்கிற நால்வர் அணியில் மற்ற மூவரும் தோற்கலாம். ஃப்ரீ ஃபயரில் ஓர் ஆட்டம் கிட்டத்தட்ட பத்து நிமிடம். தொடங்கும் முன்பே "இது கடைசி மேட்ச்" என்று பேசி முடியுங்கள். முடிந்ததும் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஒரு தடவையாவது உட்கார்ந்து அவன் ஆடுவதைப் பாருங்கள், என்ன ரேங்க் என்று கேளுங்கள். அதன் பிறகு நீங்கள் சொல்வது அவன் காதில் ஏறும்.

எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம், தூக்கத்தை மட்டும் முதலில் மீட்டுக் கொடுங்கள். இரவில் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் சமையலறையில் சார்ஜ் ஏறட்டும். எல்லாப் போன்களும் என்றால் அப்பாவின் போனும்தான். அவர் படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு பையனை அதட்டினால் எந்தப் பிள்ளை கேட்கும்? தென் கொரியாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவுக்கு மேல் ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்று 2011இல் சட்டமே போட்டார்கள். பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணில் உள்ளே போனார்கள். கடைசியில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குள் நடக்க வேண்டியதை அரசாங்கம் வந்து செய்து தராது.

மார்க் குறையத் தொடங்கிய முதல் தேர்விலேயே வாருங்கள். நண்பர்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனதும் வாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, சீட்டு வாங்கினால் போதும். நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண் இரவிலும் எடுக்கும், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. போனைப் பிடுங்கியதும் "செத்துப்போயிடுவேன்" என்று பிள்ளை சொன்னால் மிரட்டல் என்று விட்டுவிடாதீர்கள். அன்று அவனைத் தனியாக விடாமல், மருந்துப் பாட்டில்களையும் பூச்சிமருந்தையும் பூட்டிவைத்துவிட்டு, விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.