மார்புக்கூடும் மூச்சும்

வயிறாரச் சாப்பிட்டவரை ‘விலாப் புடைக்க உண்டார்’ என்கிறோம். அடக்கமுடியாமல் சிரித்தவர் ‘விலா நோகச் சிரித்தேன்’ என்கிறார். இவ்விரு வழக்குகளிலும் உடற்கூற்றியல் உண்மையொன்று அடங்கியிருக்கிறது. விலா என்பது அசைவற்ற எலும்புச் சுவர் அன்று. விரிந்து சுருங்கும் அமைப்பாகும்.

பிரிஞ்சாங் வட்டாரத் தேயிலைச் சரிவுகளில் பணிபுரிவோர் இவ்வமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே அறிந்திருத்தல் நலம். பிரிஞ்சாங் நகரம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே சமவெளியிலிருந்து புதிதாக வந்தவர், சுமையுடன் சரிவேறும்போது தம் மார்பு விரைந்து ஏறி இறங்குவதை நன்கு உணர்வார். அன்றியும், மழை நாட்களில் களிமண் பாதை வழுக்குகிறது. கால் இடறி விழுபவரின் விலாப்பக்கம் கவ்வாத்துச் செய்த தேயிலைக் கட்டையிலோ கல்லிலோ மோதுவது உண்டு. அத்தகைய வேளையில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யலாகாது என்பதை மார்புக்கூட்டின் அமைப்பே நமக்குச் சொல்லித் தருகிறது.

மார்புக்கூட்டில் விலா எலும்புகள் பன்னிரண்டு இணைகள் உள்ளன. ஆணுக்கு ஓர் எலும்பு குறைவு என்று சிலர் நம்புவது தவறு. இருபாலார்க்கும் பொதுவாக இருபத்து நான்கே. பிறவியிலேயே கழுத்தை ஒட்டி ஒரு விலா எலும்பு மிகுதியாகப் பெற்றவர் அரிதாக உண்டு. எல்லா விலா எலும்புகளும் பின்புறம் முதுகெலும்பின் பன்னிரண்டு மார்பு முள்ளெலும்புகளோடு மூட்டுக்களால் இணைந்துள்ளன. முன்புறத்திலோ நிலைமை வேறு. மேலுள்ள ஏழு இணைகள் தத்தம் குருத்தெலும்பின் வழியாக நடுவிலுள்ள மார்பெலும்பை நேரே சென்றடைகின்றன. எட்டு, ஒன்பது, பத்தாம் இணைகளின் குருத்தெலும்புகள் தமக்கு மேலுள்ளதைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. கடைசி இரண்டு இணைகளுக்கு முன்புறப் பிடிப்பே இல்லை. அவை வயிற்றுச் சுவரின் தசைக்குள் முடிந்துவிடுகின்றன.

இதனைக் கூண்டு என்னாமல் கூடு என்று நம் மொழி வழங்குவது பொருத்தமே. கூண்டு இரும்புக் கம்பியால் ஆனது, வளையாது. பறவையின் கூடு பின்னப்பட்டது; அழுத்தினால் நெகிழ்ந்து கொடுக்கும். கொழுந்துக் கூடையின் பிரம்பை விரலால் அமுக்கிப் பார்த்தவர்க்கு இது விளங்கும்.

இனி, மூச்சு எவ்வாறு நிகழ்கிறது என்று காண்போம். நுரையீரல் தானாக விரியும் ஆற்றல் அற்றது. அதைச் சூழ்ந்துள்ள கூடு விரியும்போதுதான் அதுவும் விரிந்து காற்றை உள்ளிழுக்கிறது. விலா எலும்புகள் பின்னிருந்து முன்னோக்கிச் சாய்வாக இறங்குகின்றன. அவற்றினிடையே உள்ள வெளித்தசைகள் சுருங்கும்போது, கீழே தொங்கும் வாளிப்பிடியை மேலே தூக்கினால் அது பக்கவாட்டில் விலகுவதுபோல, விலா எலும்புகள் உயர்ந்து மார்பு அகலமாகிறது. மார்பெலும்பும் முன்னோக்கி எழுகிறது. அதே வேளையில் கூட்டின் அடித்தளமாக விளங்கும் உதரவிதானம் என்னும் தசைத்தட்டு கீழிறங்குகிறது. அமைதியான மூச்சில் பெரும்பகுதி உழைப்பு இத்தட்டினுடையதே. ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவர், மூச்சு ஒன்றுக்குச் சுமார் அரை லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். மேடேறும்போது இது பன்மடங்காகப் பெருகும். கூடையின் வாரை மார்பின் குறுக்கே இறுக்கிக் கட்டினால் கூடு விரிய இடமின்றிப் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விழுந்து அடிபட்டவரின் நிலைக்கு வருவோம். முதலிரண்டு விலா எலும்புகள் கழுத்துப்பட்டை எலும்பின் மறைவில் இருப்பதாலும், கடைசி இரண்டும் முன்புறம் கட்டின்றி இருப்பதாலும் எளிதில் முறிவதில்லை. இடைப்பட்டவையே அதிகம் முறிகின்றன. மூச்சை இழுக்கும்போதும், இருமும்போதும், புரளும்போதும் ஓரிடத்தில் குத்துவதுபோன்ற வலி எழுவது இதன் முக்கிய அறிகுறி.

நம் பெரியவர்கள் இதற்கு எண்ணெய் தடவி நீவி, வேட்டித் துணியால் மார்பைச் சுற்றி இறுகக் கட்டினார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களும் ஒட்டுப்பட்டையால் அவ்வாறே கட்டினார்கள். கட்டியவுடன் வலி குறைவதும் உண்மையே. ஆயினும் இம்முறை இன்று கைவிடப்பட்டுவிட்டது. இறுகக் கட்டிய கூடு விரிவதில்லை. விரியாத நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்குகிறது. அங்கே கிருமி பெருகி நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சி உண்டாகிறது. முறிந்த எலும்பு பெரும்பாலும் ஆறு வாரங்களில் தானே கூடிவிடும். முதியவர்களைப் பொறுத்தமட்டில் உயிருக்கு ஆபத்து முறிவினால் வருவதைக் காட்டிலும் பின்னால் வரும் அழற்சியினால் வருவதே மிகுதி. ஆதலின், மருத்துவர் தரும் வலி மருந்தைத் தவறாது உட்கொண்டு, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் சுமார் பத்து முறை மூச்சை ஆழ இழுத்துவிட வேண்டும். இருமல் வந்தால் அடக்கலாகாது. அடிபட்ட இடத்தில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமலாம். நாள் முழுதும் படுத்துக் கிடப்பதும், புகைபிடிப்பதும் கூடாது.

இங்கு மற்றொன்றையும் கூற வேண்டும். விலா எலும்பின் மெல்லிய கீறல் எக்ஸ்ரே படத்தில் தெரியாமற்போவது சாதாரணம். படத்தில் ஒன்றுமில்லை என்பதனால் தொழிலாளியின் வலி பொய்யாகிவிடாது. சக தொழிலாளரும் மண்டோரும் இதனை அறிந்திருந்தால் வீண் மனத்தாங்கல் நேராது. வேலையின்போது ஏற்பட்ட விபத்தாயின் அன்றே தோட்ட அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தகவல் கிடைத்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவித்தல் கடமையாகும். 2019 ஜனவரி முதல் முறையான அனுமதியுடன் பணிபுரியும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இச்சட்டத்தின் வேலை விபத்துப் பாதுகாப்பைப் பெறுகின்றனர்.

கூட்டின் கீழ்ப்பகுதி மார்பை மட்டுமன்றி வயிற்று உறுப்புகளையும் மூடியிருக்கிறது. வலப்புறத்தில் கல்லீரல், இடப்புறத்தில் மண்ணீரல், பின்புறத்தில் சிறுநீரகங்கள். ஆகவே இடப்பக்கக் கீழ்விலாவில் அடிபட்டவருக்குத் தலைசுற்றலும், முகவெளுப்பும், குளிர்ந்த வியர்வையும் தோன்றினால், மண்ணீரல் கிழிந்து உள்ளே இரத்தம் கசிவதாக ஐயுற வேண்டும். மூச்சுத் திணறல், இருமலில் இரத்தம், உதடு நீலம் பாரித்தல், மூச்சை இழுக்கும்போது மார்பின் ஒரு பகுதி மட்டும் உள்வாங்குதல் ஆகியவையும் அபாய அறிகுறிகளே. உடனே 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜ்ஜா கல்சோம் மருத்துவமனையே பிரிஞ்சாங்கிற்கு அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையாகும்.

குழந்தைகளின் மார்புக்கூடு நம்முடையதைப் போன்றதன்று. கைக்குழந்தையின் விலா எலும்புகள் சாய்வாக இல்லாமல் ஏறக்குறையக் கிடையாக இருக்கின்றன. பெரும்பகுதி இன்னும் மெல்லிய குருத்தெலும்பே. வாளிப்பிடி ஏற்கனவே உயர்ந்து நிற்பதனால் மேலும் உயர்த்த வழியில்லை. எனவே குழந்தை உதரவிதானத்தையே நம்பி மூச்சுவிடுகிறது; அதன் வயிறு ஏறி இறங்குவது இதனால்தான். இஃது இயல்பு, கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் நிமோனியாவால் நுரையீரல் விறைத்துவிட்டால், உதரவிதானம் வலிந்து இழுக்கும் வேகத்தில் மெல்லிய கூட்டின் கீழ்ப்பகுதி ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே குழிகிறது. தாய்மார்கள் கண்ணால் காணக்கூடிய அறிகுறி இது. மலைக்குளிருக்காகக் குழந்தையை இரண்டு மூன்று உடைகளால் போர்த்தி வைக்கும் நம் வீடுகளில் இது மறைந்துபோவதும் உண்டு.

சளியும் இருமலும் உள்ள குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது மடியில் கிடத்தி, சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேலும் இருப்பின் அது வேகமான மூச்சாகும். 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிறந்த மலேசியக் குழந்தைகளுக்கு நியூமோகாக்கஸ் கிருமிக்கெதிரான தடுப்பூசி அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாக இடப்படுகிறது. எனினும் நிமோனியாவுக்குக் காரணமான எல்லாக் கிருமிகளையும் அது தடுப்பதில்லை. எண்ணிக்கை கூடியிருந்தாலோ, விலாவின் அடியில் குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, இரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எண்ணிய எண்ணிக்கையையும் எண்ணிய நேரத்தையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் சென்றால் மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும்.