சிறு தொழிலுக்குத் தீக் காப்பீடு

எண்ணெய்ச் செக்கு நடத்துவோர் சிலர், பிரிமியத்தைக் குறைக்க எண்ணிச் சொத்தின் பாதி மதிப்புக்கே காப்பீடு செய்கின்றனர். இது சிக்கனமன்று. 10 லட்ச ரூபாய்ச் சொத்தை 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்குத் தீயினால் 4 லட்சம் நட்டமேற்படின், அதே விகிதப்படி ஏறத்தாழ 2 லட்சமே கிடைக்கும். பாலிசித் தொகைக்குள் அடங்கிய நட்டந்தானே என்று வாதிட்டுப் பயனில்லை.

2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி, 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்குரியது. புயல், வெள்ளச் சேதங்களும் இதில் அடங்கும். மதிப்புக் குறைவு 15 சதவீதத்துக்கு மேற்படாதிருப்பின் ஈட்டுத் தொகையை அதற்காகக் குறைப்பதில்லை.

ஆகவே கட்டடம், இயந்திரம், சரக்கு ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிடுதல் வேண்டும். சரக்கைக் கிடங்கு காலியான மாதத்தில் மதிப்பிடலாகாது. நிலக்கடலை வந்து நிறையும் அறுவடைக் கால அளவையே கொள்க. வங்கிக் கடனுக்காக எடுத்த பாலிசியில் இயந்திரம் மட்டுமே சேர்ந்திருக்கவும் கூடும். அதனைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்ப்பது நலம்.