உடல் மெலிய ஓர் ஊசிமருந்து

நீரிழிவுக்கென ஆக்கப்பெற்ற மருந்து ஒன்று, உடல் மெலிய விரும்புவோரின் கைக்கு மாறினால் விளைவது யாது? உலகெங்கும் வைத்தியர்களிடையே நிகழும் இவ்விவாதம் அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் புறம்பானதன்று.

செமாகுளுடைட் என்னும் ஊசிமருந்துக்கு அமெரிக்கா 2017ஆம் ஆண்டில் நீரிழிவின் பொருட்டே அனுமதி அளித்தது. உணவு உண்டபின் குடலில் சுரக்கும் ஓர் இயக்குநீரை ஒத்தது அது. இரைப்பை மெல்ல வெறுமையாகும், பசி அடங்கும். எடை குறைவதைக் கண்டு, நீரிழிவு இல்லாதோரும் அதனை நாடினர். உடற்பருமனுக்கென அளவு மிகுந்த வேறொரு வடிவம் 2021இல் அனுமதி பெற்ற பின்னரும் அவ்வழக்கம் நின்றபாடில்லை.

அனுமதிக்கப்படாத நோக்கத்துக்கு ஒரு மருந்தை எழுதிக்கொடுப்பது பல நாடுகளில் குற்றமன்று. பருமன் ஒரு நோயாயிருக்க, அதற்கு உதவும் மருந்தை மறுப்பானேன் என்று ஒரு சாரார் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும், 1990களில் பென்ஃபுளூரமின், பென்டர்மின் என்னும் இரண்டையும் அனுமதியின்றி இணைத்து வழங்கியோருக்கும் அதே நியாயம் இருந்தது. இதய வால்வுகள் பழுதுற்றமை தெரியவந்து, 1997இல் பென்ஃபுளூரமின் சந்தையினின்றும் நீக்கப்பட்டது. செமாகுளுடைட்டில் அத்தகைய கேடு காணப்படவில்லை. ஓக்காளம், வாந்தி, மலச்சிக்கல் ஆகியனவே பெரும்பாலும் தோன்றுவன. அரிதாகக் கணையம் அழலுறும். மருந்தை நிறுத்தியோர், இழந்த எடையில் மூன்றிலிரு பங்கை ஓராண்டில் மீளப்பெற்றதை ஓர் ஆய்வு காட்டியது.

மலையகத்தின் நிலைமையோ இருமுகமானது. தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் வயதுக்கேற்ற உயரமற்றோர் என்று 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு கூறிற்று. அதே லயங்களில் நீரிழிவும் உண்டு. தெற்காசியர்க்குப் பருமன் மிகாதிருக்கும்போதே அந்நோய் பற்றிக்கொள்ளும். ரொட்டியும் சீனியிட்ட தேநீருமாகக் காலையைக் கழித்து, பகல் முழுதும் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பசியை அடக்குவது எவ்வகையில் நன்மையாகும்? அடிப்படை நாட்கூலி 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும் மெற்போமின் மாத்திரையே இங்கு பலருக்குக் கைகொடுப்பது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலோ மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் வாட்டியது.

திறக்கப்படாத ஊசிப்பேனாவை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்தல் வேண்டும். நுவரெலியாவின் குளிரை நம்பி அதனை அலுமாரியில் வைப்பது தவறு. பகல் வெப்பம் அவ்வளவு தாழ்வதில்லை, உறைந்துபோன மருந்தோ பயன்படாது. போலிகளும் உள்ளன. 2023இல் பிறேசில், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலிப் பொதிகள் கண்டுபிடிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. அத்தகைய பேனாவில் இன்சுலினும் இருக்கக்கூடும். அதனை ஏற்றிக்கொண்ட நீரிழிவற்றவர், குருதியில் சீனி திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழ நேரிடும்.