மலைப்பாதையில் ஜீப் வண்டியும் ஆள் ஏற்றமும்

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூருக்கு வடமேற்கே, மலைச்சரிவில் குரங்கணியும் கொட்டகுடியும் அமைந்துள்ளன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியாகக் கொட்டகுடிக்கு இறக்கப்பெற்று, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் போடிக்கு வந்து சேர்ந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் மூணாற்று இருப்புப்பாதை அழிந்தது. இன்று இம்மலைகளில் ஆளையும் சரக்கையும் சுமப்பது பெரும்பாலும் ஜீப் வண்டியே. கம்பிவடம் தாங்கும் எடைக்கு மேல் ஏற்ற எவரும் துணியார். ஜீப்புக்கும் அத்தகைய எல்லை உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

போடி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் விடியற்காலையில் புறப்பட்டு, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பகுதி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று மாலையில் திரும்புவது நெடுநாளைய வழக்கம். காய் எடுக்கும் காலத்தில் ஆள் தேவை மிகும். அப்பொழுது ஒரே ஜீப்பில் இருக்கைகளின் எண்ணிக்கையைப்போல் இரு மடங்கு ஆட்கள் அமர்வதும், பின்படியில் தொற்றி நிற்பதும் காணும் காட்சிகளாகும். இதனால் விளையும் தீங்குகளையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் விவசாயப் பெருமக்களும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

மிகை ஆட்களால் நேர்வது என்ன?

ஆள் ஒன்றுக்கு 50 கிலோ எனக் கொண்டாலும், பத்துப் பேர் கூடுதலாக ஏறினால் ஐந்து குவிண்டால் எடை மிகுகிறது. அதே எடையுள்ள மூட்டைகளைக் கட்டி வைத்தால் அவை அசையமாட்டா. மனிதர்களோ வளைவுதோறும் ஒருபுறமாகச் சாய்கின்றனர். நெருங்கி அமர்ந்திருப்பவர்களுக்குப் பிடித்துக்கொள்ளவும் இடம் இராது. அனைவரும் சாயும் திசை வளைவின் வெளிப்புறம்; பல வளைவுகளில் அது பள்ளத்தின் புறமாக இருக்கும். ஜீப் அகலம் குறைந்து உயரம் மிகுந்த வண்டி. ஆட்கள் ஒருவர் மடியில் ஒருவரும், கூரைமேலும் அமரும்போது அதன் எடை மேலும் உயரத்திற்குச் செல்கிறது. வைக்கோலை உயரமாகப் பாரம் ஏற்றிய வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் எளிதில் குடைசாய்வதைக் கண்டுள்ள உழவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

பின்படியில் நிற்பது இன்னொரு கேட்டை விளைவிக்கிறது. பின்சக்கரங்களுக்கு அப்பால் ஏறும் எடை, நெம்புகோலைப்போல் வண்டியின் முன்புறத்தைத் தூக்குகிறது. முன்சக்கரங்கள் தரையில் அழுந்தாவிடில், ஓட்டுநர் திருப்பும் திசையில் வண்டி செல்லாது. ஏற்றத்தில் எடை இயல்பாகவே பின்னோக்கிச் செல்லுமாதலால் இக்குறை மேலும் பெரிதாகும்.

இறக்கத்தில் துன்பம் வேறு வகையானது. போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்குகையில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் குறைகிறது. இடையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எடை மிக மிக, வண்டியை அடக்கப் பிரேக் மிகுதியாக உழைக்க நேரிடும். ஓயாது மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆதலால் இறக்கத்தில் கீழ்க்கியரிலேயே வண்டியைச் செலுத்தி, எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்குதல் வேண்டும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குக என்பது நல்ல விதி. எனினும், முன்னிருக்கையில் நால்வர் நெருங்கி அமர்ந்திருந்தால் ஓட்டுநர் கியரை மாற்றுவது எங்ஙனம்?

மேலை நாடுகளில் பண்ணை வேலைக்கென நான்கு சக்கரச் சிறு மோட்டார் வண்டிகள் வழங்குகின்றன. நம் சுற்றுலாத் தலங்கள் சிலவற்றிலும் அவை வந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஒருவர் மட்டுமே ஏறுதற்கு உரியவை. ஓட்டுபவர் தம் உடலைச் சாய்த்தே அவ்வண்டியின் சமநிலையைக் காக்க வேண்டும். பின்னால் ஒருவர் அமர்ந்தாலே அது தடைப்படும். இவ்வண்டிகள் கவிழ்ந்து பலர் மாண்டமையால், ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல் விற்கப்படும் புது வண்டிகளில் ஓட்டுபவரைக் காக்கும் சட்டகம் பொருத்துவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வண்டி சிறிதாயினும் பெரிதாயினும், இருக்கைகளின் எண்ணிக்கை சமநிலையின் அளவுகோல் என்பதே இதனால் பெறும் பாடம்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள், கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் மானந்தவாடிக்கு அருகே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் சென்ற ஜீப் பள்ளத்தில் வீழ்ந்து ஒன்பது பெண்கள் உயிரிழந்தனர். விபத்துக்குக் காரணம் எதுவாயினும், வண்டியில் எத்தனை பேர் ஏறியுள்ளனரோ அத்தனை குடும்பங்களின் வாழ்வு அந்த ஒரு வண்டியைச் சார்ந்திருக்கிறது. மலைச்சரிவில் உதவி விரைந்து வந்து சேர்வதும் அரிது. 2018 மார்ச் 11ஆம் நாள் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியோரைக் கீழே கொணர நேர்ந்த பாடு அதனை உணர்த்தும்.

சட்டமும் இழப்பீடும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, படியிலோ கூரையிலோ முன்மூடியின் மேலோ பயணம் செய்வதைத் தடுக்கிறது. ஓட்டுநருக்கு இடையூறாக எவரும் அமர்வதை 125ஆம் பிரிவு தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பெற்ற 194ஏ பிரிவின்படி, வாடகை வண்டியில் மிகையாக ஏற்றிய ஆள் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் தண்டம் உண்டு. மிகையான ஆட்களை இறக்கி, அவர்களுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்த பின்னரே அவ்வண்டி நகரலாம்.

தண்டத்தினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு, வண்டிக்கு அனுமதிக்கப்பெற்ற எண்ணிக்கையினர் அளவோடு நின்றுவிடும் என்று 2007ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மிகுதித் தொகைக்கு வண்டி உரிமையாளரே பொறுப்பாவார். அவருக்கு வசதி இல்லையேல், தீர்ப்பு கையிலிருந்தும் பணம் கைக்கு வராது. சரக்கு வண்டியில் கூலியின்றி ஏறிச் செல்வோருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பன்று என்பதும் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பால் உறுதியாயிற்று. குறைந்த செலவில் ஆளை ஏற்றியதாக மகிழ்பவர், ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே பணயமாக வைத்தவராகிறார்.

செய்யத் தக்கவை

குற்றத்தை ஓட்டுநர்மேல் மட்டும் சுமத்துவது முறையன்று. தலைக்கு இவ்வளவு என வாடகை பேசினால், கூடுதலாக ஏறும் ஒவ்வொருவரும் அவருக்கு வருவாய் ஆகின்றனர். ஆகவே தோட்ட உரிமையாளர்கள் தலைக்கணக்கை விடுத்து, நடை ஒன்றுக்கு இவ்வளவு என்று வாடகை பேசுதல் வேண்டும். அப்பொழுது மிகை ஆளால் ஓட்டுநருக்கு ஆதாயம் இராது. சிறு விவசாயிகள் இருவர் மூவர் சேர்ந்து வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம்.

குரங்கணி போன்ற அண்மைத் தோட்டங்களுக்கு ஒரே ஜீப் இரு நடை செல்லலாம். முதல் நடையில் வந்தோர் முன்னதாக வேலையைத் தொடங்கி முன்னதாகவே முடித்துக்கொண்டால் எவருக்கும் கூலி குறையாது. பூப்பாறை போன்ற தொலைவிடங்களுக்கு இரண்டாம் நடை இயலாது. அங்கு இரண்டாவது வண்டியே வழி. அதன் வாடகையையும் சாகுபடிச் செலவில் ஒன்றாகவே கணக்கிடுதல் தகும்.

பஞ்சாயத்துகள் கீழ்க்கண்டவற்றை மேற்கொள்ளலாம்:

1. ஆள் ஏற்றும் ஒவ்வொரு ஜீப்பின் கதவிலும், பதிவுச் சான்றிதழில் உள்ள இருக்கை எண்ணிக்கையைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதுமாறு உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்ளுதல்.

2. கிராம சபைக் கூட்டத்தில் ஜீப் உரிமையாளர், தோட்டக்காரர், கங்காணி, தொழிலாளர் ஆகியோரை ஒருங்கே அழைத்து, வாடகையையும் புறப்படும் நேரத்தையும் முடிவு செய்தல்.

3. வேலை நேரத்திற்கு ஏற்றவாறு பேருந்து விடுமாறு போக்குவரத்துக் கழகத்திற்குத் தீர்மானம் அனுப்புதல்.

4. அவசரக் காலத்தில் அழைக்க வேண்டிய 108 என்னும் எண்ணை ஆட்கள் ஏறுமிடங்களில் எழுதி வைத்தல்.

நிறைந்த வண்டியில் ஏற மறுக்கும் பெண்ணுக்கு அன்றைய வேலை போய்விடும் என்ற நிலை இருக்கும்வரை எச்சரிக்கைகள் பயன்படா. அந்த அச்சத்தைப் போக்கும் ஆற்றல் தோட்டக்காரரிடமும் பஞ்சாயத்திடமும் உள்ளது. அடுத்த காய் எடுப்பு தொடங்குமுன் ஒவ்வோர் ஊரிலும் இவ்வேற்பாடுகள் நடைமுறைக்கு வருமாயின், காலையில் மலையேறியவர் அனைவரும் மாலையில் நலமே வீடு திரும்புவர்.