கொயினா மரப்பட்டையும் ஹோமியோபதியும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஹோமியோபதி மருந்துச்சாலைகளில் 'சைனா' என்று பெயர் எழுதப்பட்ட குப்பியைக் காண்போர் அதனைச் சீன நாட்டு மருந்தெனக் கருதுவதுண்டு. உண்மையில் அம்மருந்துக்கும் சீனத்துக்கும் தொடர்பெதுவும் இல்லை. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைச்சரிவுகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையே அதன் மூலப்பொருள். கெச்சுவா மொழியில் மரப்பட்டையைக் குறிக்கும் 'கினா' என்னும் சொல்லே ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து இவ்வாறு திரிந்தது. நம்மவர் நாவில் அது 'கொயினா' ஆயிற்று. இலக்கிய மாணவராகிய நாம் மரப்பட்டையொன்றைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், ஒரு பெயரும் ஒரு கதையும் எவரால், எவர் பொருட்டு ஆக்கப்பட்டன என வினவுவது எமது துறைக்குப் புறம்பானதன்று.

சின்கோனா என்னும் பெயரையே முதலில் நோக்குவோம். பெரு நாட்டின் இஸ்பானிய இராசப்பிரதிநிதியாக இருந்த சிஞ்சோன் பிரபுவின் மனைவி கடுங்காய்ச்சலுற்றாள் என்றும், இப்பட்டையால் நலம் பெற்று அதனை இஸ்பானியாவுக்குக் கொண்டுசென்று ஏழைகளுக்கு வழங்கினாள் என்றும் 1663இல் இத்தாலிய மருத்துவர் ஒருவர் எழுதினார். லின்னேயசு 1742இல் அவள் பெயரையே, எழுத்தொன்று விடுபட்ட வடிவில், மரத்துக்குச் சூட்டினார். இக்கதை கட்டுக்கதை என்பதைப் பிரபுவின் உத்தியோக நாட்குறிப்பைக் கொண்டு ஹாகிஸ் என்னும் ஆய்வாளர் 1941இல் நிறுவினார். அப்பெருமாட்டி இஸ்பானியாவை மீண்டும் காணவேயில்லை. திரும்பும் வழியிற் கார்த்தகேனாவில் 1641இல் இறந்துபோனாள். ஆயினும் கதை நிலைத்தது. காட்டில் மரத்தை இனங்கண்டு பட்டையுரித்தவர்களின் இடத்தில் ஒரு பிரபுபத்தினி அமர்த்தப்பட்டாள்.

அந்தீசு மக்கள் இப்பட்டையை எதற்குப் பயன்படுத்தினர் என்பது ஆராய்ச்சிக்குரியது. மலேரியா ஐரோப்பியரோடும் அவர்கள் கொணர்ந்த ஆபிரிக்க அடிமைகளோடும் அக்கண்டத்தை அடைந்தது என்பதே பெரும்பாலான அறிஞரின் கருத்து. அவ்வாறாயின் அதற்கு முன்னர் அங்கு மலேரியா மருந்தென ஒன்று இருந்திருக்க இயலாது. குளிரால் உண்டாகும் நடுக்கத்தைத் தணிக்க இப்பட்டை அருந்தப்பட்டதென்றும், அதனைக் கண்ட இயேசு சபையினர் காய்ச்சல் நடுக்கத்துக்கும் அதனைக் கொடுத்துப் பார்த்தனர் என்றும் கூறப்படுகிறது. இது ஏற்கத்தக்க விளக்கமே. 'பாரம்பரியப் பயன்பாடு' என நாம் எளிதிற் சொல்லிவிடுவது பல வேளைகளில் மாறாத தொன்மையன்று. படையெடுப்பும் புதிய நோயும் கட்டாய உழைப்பும் சந்தித்த இடத்தில் உருவாகிய அறிவு அது.

இனி ஹானிமனுக்கு வருவோம். ஜேர்மன் மருத்துவரான சாமுவேல் ஹானிமன் (1755–1843) 1790இல் ஸ்கொத்லாந்து மருத்துவர் கல்லனின் மருந்தியல் நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பட்டை இரைப்பைக்கு வலுவூட்டுவதாலேயே காய்ச்சலைத் தீர்க்கிறது என்ற கல்லனின் விளக்கம் அவருக்கு உடன்பாடாகவில்லை. நோயற்ற தம் உடலிலேயே அதனைச் சோதித்தார். நாளுக்கு இருமுறை நான்கு திராம் அளவு உட்கொண்டபோது கை கால் நுனிகள் குளிர்ந்தன, நெஞ்சு படபடத்தது, தாகம் எடுத்தது. முறைக்காய்ச்சலின் குறிகள் பலவும் தோன்றின. உடல்நடுக்கம் மட்டும் இல்லை. நலமுள்ளவரிடத்து ஒரு பொருள் உண்டாக்கும் குறிகளை ஒத்த நோயை அதே பொருள் தீர்க்கும் என்ற கோட்பாட்டுக்கு இதுவே தொடக்கமாயிற்று. அக்கோட்பாடு 1796இற் கட்டுரையாகவும் 1810இல் 'ஓர்கனன்' என்ற நூலாகவும் வெளிவந்தது.

அம்முறையிற் பட்டைத்தூளை மதுசாரத்தில் ஊறவைத்து எடுக்கும் சாற்றின் ஒரு பங்கோடு தொண்ணூற்றொன்பது பங்கு மதுசாரம் கலந்து குலுக்குவர். அதிலிருந்து ஒரு பங்கெடுத்து மீண்டும் அவ்வாறே செய்வர். குருதியிழப்பு, நெடுநாள் வயிற்றோட்டம், நீடித்த பாலூட்டல் ஆகியவற்றால் வந்த தளர்ச்சி, வயிற்றுப் பொருமல், காதிரைச்சல், குறித்த வேளையில் மீளும் காய்ச்சல் என்பன இம்மருந்துக்குரிய குறிகளாக அவர்தம் நூல்கள் கூறும். மெல்லத் தொட்டால் நோவதும் அழுத்தினால் ஆறுவதும் அவற்றுட் சேரும். கொயினா மிகுதியாக உட்கொண்டவருக்குக் காதிரைச்சல் உண்டாவதை மருத்துவர் அனைவரும் அறிவர். அக்குறி இப்பட்டியலில் இடம்பெற்றது தற்செயலன்று. ஆயின் முப்பது முறை நீர்த்த மருந்தில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுதானும் எஞ்சுவதில்லை; பன்னிரண்டாம் படியிலேயே அவ்வெல்லை வந்துவிடுகிறது. மலேரியாவை அது தடுக்கவோ தீர்க்கவோ மாட்டாது. அதனை நம்பி இரத்தப் பரிசோதனையைப் பிற்போடுவோர் உயிரையே பணயம் வைக்கின்றனர். குருதி வடித்தலே மருத்துவமாயிருந்த காலத்தில் மருந்தை முதலில் தன் உடலிற் சோதித்தவர் என்ற மதிப்பை ஹானிமனுக்கு நாம் மறுக்கவில்லை. ஓர் உடலில் ஒருமுறை கண்டதைப் பொதுவிதியாக்கியதே அவர் தவறு. பட்டையின் ஆற்றலுக்குரிய பொருளை 1820இற் பாரிசில் பெல்லத்தியேயும் கவந்தூவும் பிரித்தெடுத்தனர்.

கொயினா கிடைத்த பின்னர் பட்டை பேரரசுகளின் தேவையாயிற்று. வெப்பநாடுகளிற் படைகளையும் தோட்டங்களையும் வைத்திருக்க அது இன்றியமையாததாயிற்று. பிரித்தானியர் 1860இல் மார்க்கமைத் தென்னமெரிக்காவுக்கு அனுப்பி விதைகளையும் கன்றுகளையும் பெற்றனர். அவை நீலகிரியிலும், 1861இல் நுவரெலியாவை அடுத்த ஹக்கலையிலும் நடப்பட்டன. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பிச் செய்கையை அழிக்கத் தொடங்க, தோட்டத்துரைமார் சின்கோனாவை நாடினர். 1886அளவில் இலங்கையின் பட்டை ஏற்றுமதி ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தலை எட்டியது. அதனை உரித்து உலர்த்தியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளரே. இப்பெருக்கமே விலையை வீழ்த்தியது. மரங்கள் தறிக்கப்பட்டுத் தேயிலை நடப்பட்டது.

இதற்கிடையில், 1865இற் பொலிவியாவில் மனுவல் இன்க்ரா மாமானி என்ற அய்மாராப் பழங்குடியினர், கொயினா பன்மடங்கு மிகுந்த மரவகையின் விதைகளைச் சேர்த்து, தம் முதலாளியான லெட்ஜர் என்னும் ஆங்கில வணிகரிடம் கொடுத்தார். பிரித்தானிய அரசு வேண்டாமென்ற அவ்விதைகளை ஒல்லாந்தர் வாங்கி யாவாவில் விதைத்தனர். பின்னர் மாமானி சிறையிலடைக்கப்பட்டு அடிபட்டு இறந்தார். அம்மரவகை இன்றும் லெட்ஜரின் பெயராலேயே வழங்குகிறது.

1934–35இல் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேரைக் கொன்றபோது, கேகாலைப் பகுதிக் கிராமங்களில் இடதுசாரி இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து வீடுவீடாகச் சென்றனர். என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தயா' என்ற பெயர் அங்குதான் கிடைத்தது. அரைநூற்றாண்டுக்கு முன் கப்பல் கப்பலாகப் பட்டை ஏற்றிய நாடு, அப்போது தன் கொயினாவைப் பிறரிடம் வாங்க வேண்டியிருந்தது. அன்று உலகச் சந்தையில் இருந்த கொயினாவிற் பெரும்பகுதி யாவாவின் மரங்களிலிருந்து வந்தது; அம்மரங்களோ மாமானி சேர்த்த விதையின் வழிவந்தவை.